கட்டட முகப்பில் அச்சுத் துணி ஓவியம்: கழற்றும் வழியிலிருந்து தொடங்குவோம்

தங்கள் கேள்வியின் சாரம் இது: சென்னையில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள நான்கு மாடிக் கலைக்கூடத்தின் மேற்கு முகப்பில், 20 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட அச்சுத் துணி ஓவியம் ஒன்றை அக்டோபர் முதல் மூன்று மாதங்களுக்குத் தொங்கவிட விரும்புகிறீர்கள். எந்தத் துணி, எவ்வகை அச்சு, எப்படி மாட்டுவது என்ற மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். எப்படிக் கழற்றுவது என்று கேட்கவில்லை. என் அனுபவத்தில் அந்த நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் அடுத்தடுத்து உருவாகும் காலமும் அதுவே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிற்பகலில், வேரூன்றி நின்ற மரங்களே சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பொங்கல் கழிந்து மாட்டி மார்ச் இறுதியில் இறக்கினால் வறண்ட, ஓரளவு அமைதியான வானிலை கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் முன்னறிவிப்பின்றி வரும் கோடை இடிமழைக் காற்றையும் தவிர்த்துவிடலாம்.

மாதத்தை மாற்றினாலும் காற்றுக் கணக்கைத் தவிர்க்க முடியாது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிக்கிறது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அது 39 மீட்டர்தான். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது கிடைக்கும். 50 மீட்டர் வேகத்தில் அது 1,500 நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ எடை. தங்கள் ஓவியத்தின் பரப்பு 300 சதுர மீட்டர். ஆக மொத்தம் 46 டன். சில மாதங்களே நிற்கப்போகும் தற்காலிக அமைப்பு என்பதால் இந்த வேகத்தைக் குறைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. 35 மீட்டர் என்று பொறியாளர் ஒப்புக்கொண்டால் சுமை சுமார் 22 டன்னாக இறங்கும். கட்டடத்தின் வடிவம், முகப்பின் ஓரங்களில் ஏற்படும் உறிஞ்சுவிசை ஆகியவற்றுக்கான கூடுதல் திருத்தங்களை நான் இங்கே சேர்க்கவில்லை. இந்த எண்களின் அளவு புரிய வேண்டுமானால் துணியின் சொந்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மெஷ் துணி (சிறு துளைகள் கொண்ட வலைத்துணி) 300 சதுர மீட்டருக்கு 90 கிலோதான். நான்கு பேர் தூக்கிவிடும் ஒரு பொருள், காற்றடிக்கும்போது சுமை ஏற்றிய லாரியின் எடையோடு சுவரை இழுக்கிறது. ‘துணிதானே’ என்று சொல்லும் கட்டட உரிமையாளரிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுவது என் வழக்கம்.

மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டும் காற்றுக்கு வானிலை மையம் எச்சரிக்கை விடுத்தவுடன் துணியை இறக்கிவிடுவோம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், துணி தாங்க வேண்டிய சுமை ஐந்து டன் அளவுக்கு வந்துவிடும். அதை மட்டும் நம்பிக் கொக்கிகளை மெலிதாக்கக் கூடாது. எச்சரிக்கை தவறலாம், இறக்க வேண்டிய ஆட்கள் அன்று ஊரில் இல்லாமல் போகலாம். கொக்கிகளும் வடங்களும் 35 மீட்டர் வேகத்துக்கே கணக்கிடப்பட வேண்டும். இறக்கும் வசதி அதற்கு மேலான காப்பு.

இந்தக் காரணங்களால் தாங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஒற்றைப் பெருந்துணியைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 3 மீட்டர் அகலமுள்ள ஆறு நெடும் பட்டைகள், அவற்றுக்கிடையே 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஐந்து இடைவெளிகள். கூட்டினால் சரியாக 20 மீட்டர் வருகிறது. துணி அச்சு இயந்திரங்களில் பரவலாகக் கிடைக்கும் பெரிய அகலம் 3.2 மீட்டர். இரு பக்கமும் 10 சென்டிமீட்டரை ஓர மடிப்புக்கு விட்டால் ஒட்டோ தையலோ இல்லாத முழுப் பட்டையே கிடைத்துவிடும். இடைவெளி வழியே காற்று சுவருக்கும் துணிக்கும் நடுவே தேங்காமல் வெளியேறும், உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கும். ஓவியர் முதலில் மறுப்பார். இடைவெளிகளை ஜன்னல் சட்டம் போலக் கருதி, படம் அவற்றின் பின்னால் தொடர்வதாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத அந்த 40 சென்டிமீட்டரை மனிதக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். முகம் வரைவதானால் கண்ணும் வாயின் ஓரமும் இடைவெளியில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வடிவமைப்பில் பலரும் செய்யும் தவறு, கணினித் திரையில் நேர்முகமாகப் பார்த்து ஒப்புதல் அளிப்பது. தங்கள் கூடத்தின் எதிரே தெரு குறுகலாக இருந்து, பார்ப்பவர் சுவரிலிருந்து 12 மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். தரைத் தளத்தை விட்டு ஓவியம் மேலே தொடங்கி 18 மீட்டர் உயரத்தில் முடிந்தால், உச்சியிலுள்ள ஒரு மீட்டர் அவர் கண்ணில் 1.7 பாகை அளவே பிடிக்கும். கண் மட்டத்தில் அதே ஒரு மீட்டர் 4.8 பாகை பிடிக்கும். அதாவது மேலே உள்ளது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். முக்கியமான உருவத்தை நடுப்பகுதிக்குக் கீழே வையுங்கள், மேலே செல்லச் செல்ல வடிவங்களை நெடுக்கில் நீட்டுங்கள், கோடுகளைத் தடிப்பாக்குங்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் கண்களை அருகில் சென்று பார்த்தவர்களுக்கு அவை ஏன் அவ்வளவு பெரியவை என்பது விளங்கியிருக்கும்.

கோப்பின் அளவைப் பற்றி அச்சகத்தாரிடம் வீண் வாதம் வேண்டாம். 12 மீட்டர் தொலைவில் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய புள்ளி சுமார் 3.5 மில்லிமீட்டர்; அங்குலத்துக்கு 25 புள்ளிகள் வைத்தாலே ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டர்தான். முழு ஓவியமும் அந்த அடர்த்தியில் ஏறக்குறைய 19,700 க்கு 14,800 புள்ளிகள், நான்கு வண்ண அச்சுக் கோப்பாக ஒரு ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பவர் இதற்கு முன் அழைப்பிதழ் அச்சடித்தவராக இருப்பார்.

துணிக்கு வருகிறேன். தெருவில் காணும் பி.வி.சி. ஃப்ளெக்ஸ் எனக்கு உடன்பாடில்லாத பொருள்: காற்றை விடாது, எரிந்தால் நச்சுப் புகை, பயன்பாடு முடிந்தால் குப்பைமேடு. அதில் அரைவட்டக் கீறல்கள் போட்டுக் காற்று போகும் என்று நம்புவது பழைய வழக்கம். சுமை பெரிதாகக் குறைவதில்லை, கிழிசல் மட்டும் அந்தக் கீறலின் முனையிலிருந்தே தொடங்குகிறது. பருத்தி அழகு, ஆனால் மழையில் கனத்துச் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும். எஞ்சியிருப்பவை இரண்டு: பி.வி.சி. பூசிய மெஷ், பூச்சற்ற பாலியஸ்டர் மெஷ். நான் பின்னதையே எடுப்பேன். தீத்தடுப்புப் பதம் செய்யப்பட்டதற்கான சோதனைச் சான்றை அச்சகத்தாரிடம் அல்லாமல் துணி உற்பத்தியாளரிடமிருந்தே கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு ஒரு கைப்பிடித் துண்டை வெளியில் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்தியும் பாருங்கள். சுடரை எடுத்தவுடன் அணைய வேண்டும், எரியும் சொட்டுகள் விழக் கூடாது. மெஷ்ஷில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டை என்றால் காற்றுச் சுமையும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிடாதீர்கள். சிறு துளைகளின் வழியே காற்று அவ்வளவு எளிதாகச் செல்வதில்லை.

பாலியஸ்டரில் இரு வழிகளில் அச்சிடலாம். சப்ளிமேஷன் முறையில் சாயம் காகிதத்திலிருந்து சுமார் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நிறம் ஆழமாக இருக்கும், துணியை மடித்தாலும் வெடிக்காது. வெயிலில் மங்குவதுதான் குறை, அதிலும் மஜந்தாவும் மஞ்சளும் முதலில் போகும். யு.வி. மையில் நிறமி மேற்பரப்பில் படிந்து புற ஊதா ஒளியில் கெட்டியாகிறது. வெயிலை நெடுநாள் தாங்கும், மடிப்பில் விரிசல் விடும். மேற்குச் சுவர் என்பதால் நண்பகல் தொடங்கிச் சூரியன் மறையும்வரை நேர் வெயில் விழும். இருந்தாலும் மூன்று மாதங்களுக்குச் சப்ளிமேஷனே போதும், ஓராண்டு என்றால் யு.வி. மையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். சப்ளிமேஷன் வெப்பத்தில் பாலியஸ்டர் 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவதுண்டு. 15 மீட்டர் நீளத்தில் ஒன்றரைச் சதவீதம் என்பது 22 சென்டிமீட்டர்; ஒரு பட்டை சுருங்கி அடுத்தது சுருங்காவிட்டால் ஓவியத்தின் கோடுகள் ஒன்றோடொன்று சேராது. ஆறு பட்டைகளுக்கும் ஒரே பேலிலிருந்து துணி எடுக்க வேண்டும், முதலில் ஒரு முழு நீளப் பட்டையை வெப்பம் கொடுத்து அளந்து பார்த்துக் கோப்பைத் திருத்த வேண்டும். திருப்பூரிலோ கரூரிலோ துணி அச்சடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பேனர் கடைக்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும். ஓட்டைகளின் வழியே பின்சுவரின் நிறம் கலந்துவிடும் என்பதால், ஒரு மீட்டர் சதுர மாதிரித் துண்டை அதே சுவரில், அதே உயரத்தில் தொங்கவிட்டு மாலை நான்கு மணி வெயிலில் பார்த்த பிறகே நிறத்துக்கு ஒப்புதல் கொடுங்கள்.

இனி மாட்டும் முறை. கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிய வீட்டில் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொய்வாகக் கட்டிய கயிற்றில் ஈர வேட்டி நிம்மதியாகத் தொங்கும். நேர்கோடாக இழுத்துக் கட்டிய கயிற்றில் அதே வேட்டி பல மடங்கு இழுவிசையை உண்டாக்கும். பட்டையின் ஓரத்தில் ஓடும் எஃகு வடத்துக்கும் இதே விதிதான். 15 மீட்டர் வடம் மேலும் கீழும் மட்டும் பிடிக்கப்பட்டு, 35 மீட்டர் வேகக் காற்றில் ஒரு மீட்டர் வளைய விடப்பட்டால் இழுவிசை சுமார் 3 டன். 30 சென்டிமீட்டருக்கு மேல் வளையாதபடி முறுக்கினால் 10 டன்னைத் தாண்டும். பறையைப் போல விறைப்பாக நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கவனித்திருப்பீர்கள்: மேலே மட்டும் கட்டி, கீழே விடுதலையாக விடப்பட்ட துணிக் குழல்கள், தேர் ஆடும்போது சுழன்று காற்றைக் கடத்திவிடும். நம் ஓவியத்தை அப்படி முழுவதும் விட முடியாது. ஆனால் துணி அசையும், அசைய வேண்டும் என்பதை ஓவியரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. ஒவ்வொரு பட்டையின் இரு ஓர மடிப்புகளுக்குள்ளும் எஃகு வடம் ஓடட்டும். ஒவ்வொரு மாடியின் கான்கிரீட் விட்டத்தின் (பீம்) மட்டத்திலும், அதாவது 3.75 மீட்டருக்கு ஒன்றாக, சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளும் இரும்புத் தாங்கி வைத்து அதில் வடத்தைப் பூட்டுக் கொக்கியால் கோக்க வேண்டும். இடையில் 25 சென்டிமீட்டர் வளைவுக்கு இடம் விட்டால் வடத்தின் இழுவிசை ஒரு டன்னுக்குள் அடங்கும், ஒரு கொக்கியில் விழும் சுமை 420 கிலோ அளவில் இருக்கும், துணியும் சுவரில் உரசாது. பட்டையின் தலைப்பில் ஒரு குழாய், அதை ஏற்றி இறக்க மொட்டை மாடியில் கப்பி, கயிற்றின் மறுமுனை முதல் மாடித் தாழ்வாரத்தில். இறக்க வேண்டிய நாளில், ஒவ்வொரு மாடி ஜன்னலிலும் ஒருவர் கொக்கியைக் கழற்றிவிட, கீழே இருவர் கொடி இறக்குவதைப் போலக் கயிற்றை விட்டுக்கொடுத்தால் பட்டை வந்துவிடும். அடிக் குழாயைத் தனிப் பாதுகாப்பு வடத்தால் கட்டிவையுங்கள். துணி கிழிந்து பறந்தாலும் குழாய் தெருவுக்குப் போகக் கூடாது. கடல் அருகில் இருப்பதால் கொக்கியும் வடமும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். மலிவான 304 வகை உப்புக் காற்றில் பழுப்புக் கோடுகள் விட்டுத் துணியையும் கறைப்படுத்தும்.

எதில் பிடிக்கிறோம் என்பதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதில் கயிற்றைச் சுற்றிக் கட்டுவது, காற்றுக்குச் செங்கற்களைத் தெருவில் வீச ஒரு கருவி செய்து கொடுப்பதாகும். தூணிலோ விட்டத்திலோ மட்டுமே ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். ஆழத்தை அளக்கும்போது சிமெண்டுப் பூச்சின் கனத்தைக் கழித்துவிட வேண்டும், கான்கிரீட்டுக்குள் சென்ற ஆழம் மட்டுமே கணக்கு. சில போல்ட்டுகளையாவது இழுவைச் சோதனைக்கு உட்படுத்தி, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பத்தோடு அறிக்கை பெறுங்கள். பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் சுவரில் துளையே போடாமல், தனித்து நிற்கும் சாரத்தில் மாட்டுவதே சரி. 1993-இல் பெர்லினில், 1950-இல் இடிக்கப்பட்ட அரண்மனையின் முகப்பை வண்ணம் தீட்டிய துணியாக எழுப்பிக் காட்டியபோது அது முழுவதும் சாரத்தின் மேல்தான் நின்றது. 2021-இல் பாரிசின் வெற்றி வளைவை 25,000 சதுர மீட்டர் துணியாலும் 3,000 மீட்டர் கயிற்றாலும் போர்த்தியபோதும், சிற்பங்களின் மேல் துணி படாதபடி எஃகுச் சட்டங்கள் இடையில் நிறுத்தப்பட்டன. அந்தப் பணி முதலில் 2020 வசந்தத்துக்குத் திட்டமிடப்பட்டு, அங்கே கூடு கட்டும் வல்லூறு இனப் பறவைகளுக்காக அவ்வாண்டின் இலையுதிர் காலத்துக்கும், பிறகு கொரோனா பெருந்தொற்றால் 2021-க்கும் தள்ளிவைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் சுவரில் வல்லூறு இருக்காது, புறா இருக்கும். மாட்டும் முன் ஜன்னல் மாடங்களில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

என் முதல் பணியில் ஓரங்களில் வடம் இல்லை, ஐலெட் (துணியோரத் துளையில் பதிக்கும் உலோக வளையம்) அடித்துப் பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தோம். இரண்டாம் வாரம் ஓர் இரவு சாதாரணக் கடற்காற்றுதான். மேல் மூலையில் இருந்த ஒரு பித்தளை வளையம் துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் சுமை அடுத்த வளையத்துக்குப் போக, அதுவும் பிய்ந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. ஜிப் திறப்பதைப் போல ஒரு பக்கம் முழுவதும் கழன்று, காலைவரை சுவரில் பளார் பளாரென அடித்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் நான் பொறுக்கிய வளையங்கள் ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவு துணி ஒட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் தூங்கவே இல்லை என்று சொன்னபோது பதில் சொல்ல வார்த்தை இல்லை. அதன் பிறகு ஐலெட்டை முதன்மைப் பிடிப்பாக நான் எங்கும் பயன்படுத்தியதில்லை. மடிப்புக்குள் பெல்ட் நாடா வைத்து, வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட்டு, அந்த நாடாவிலிருந்தே கொக்கி வளையத்தை எடுக்கிறேன்.

அனுமதியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணைச் சாலையில் பேனர் சரிந்து விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு முகப்பில் தொங்கும் எந்தத் துணியையும் அதிகாரிகளும் மக்களும் அந்த நினைவோடுதான் பார்க்கிறார்கள், பார்ப்பதும் நியாயம். ‘இது விளம்பரம் அல்ல, கலை’ என்று வாயால் சொல்வது போதாது. மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் கேளுங்கள், பொறியாளரின் அறிக்கையை இணையுங்கள், நன்கொடையாளரின் சின்னத்தைத் துணியில் போடாதீர்கள். ஒரு சின்னம் விழுந்தால் ஓவியம் விளம்பரமாகிவிடும். அவசரகால வெளியேறும் வழியையும் தீயணைப்பு ஏணி எட்ட வேண்டிய ஜன்னல்களையும் துணி மறைக்கக் கூடாது. தாமதம் சோர்வூட்டினால், கலைஞர் தம்பதி கிறிஸ்டோவும் ஜான்-கிளோடும் பெர்லினின் ராய்க்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்திய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1971-இல் தோன்றிய எண்ணம். 1994 பிப்ரவரியில் ஜெர்மன் நாடாளுமன்றமே விவாதித்து 292-க்கு 223 என்ற வாக்குகளில் அனுமதித்தது. 1995 ஜூனில் 90 மலையேற்ற வல்லுநர்களும் 120 பணியாளர்களும் ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியை இறக்கினார்கள். இரண்டு வாரத்தில் கழற்றியும் விட்டார்கள்.

மாட்டும் நாளுக்குக் காலை ஐந்தரை மணியைத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும். ஒன்பது மணிக்குள் மூன்று பட்டைகள், மறுநாள் மூன்று என்று வைத்துக்கொண்டால் அவசரமிருக்காது. கீழே நடைபாதையைத் தடுத்து ஆள் நிறுத்துங்கள், கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்கு வேலைக் கயிற்றோடு தனிக் காப்புக் கயிறும் இருக்கிறதா என்று தாங்களே பாருங்கள். ஆறும் ஏறிய பிறகு ஒருமுறை அனைத்தையும் இறக்கி ஏற்றும் ஒத்திகையைக் கட்டாயம் நடத்துங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் எங்கே சிக்குகிறது என்று கண்டு சரிசெய்யுங்கள். வாரம் ஒரு முறை கொக்கிகளையும் மடிப்பு ஓரங்களையும் தொட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் கூடத்தின் ஊழியராகவே இருந்தால் நல்லது, ஒப்பந்தக்காரர் மாட்டிய மறுநாளே அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மார்ச் இறுதியில் இறக்கும்போது துணியை மடிக்காதீர்கள். நிழலில் முழுவதும் உலர்த்தி, அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி பழைய பி.வி.சி. குழாயில் சுருட்டி, எந்தப் பட்டை, எது மேல்முனை என்பதை மடிப்பு ஓரத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு சுவர் கிடைத்தால், கொக்கி வளையங்களின் இடைவெளியை மட்டும் மாற்றித் தைத்து அதே பட்டைகளை மீண்டும் ஏற்றலாம்.